போனுக்கு லாக் இருக்கு... சிம்முக்கு இருக்கா? செல்போன் திருடுபோனால் பணமும் போவது எப்படி?

திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையம், சாயங்கால நேரம். பழனி பஸ்ஸுக்கும் வத்தலக்குண்டு பஸ்ஸுக்கும் கூட்டம் முண்டியடிக்கிறது. ஏறி உட்கார்ந்து, டிக்கெட் எடுக்கப் பைக்குள் கையை விடும்போதுதான் செல்போன் இல்லை என்பதே தெரிகிறது. இப்படி ஒரு நிலைமையில் பலரும் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் ஒன்று உண்டு: "போன் போனா போகட்டும். லாக் போட்டிருக்கேன், என் கைரேகை இல்லாம எவனாலயும் திறக்க முடியாது."

இதில் பாதிதான் உண்மை. போனைத் திறக்க முடியாதுதான். ஆனால் போனைத் திறக்க வேண்டிய அவசியமே திருடனுக்கு இல்லை. பக்கவாட்டில் இருக்கும் சிம் ட்ரேயைத் திறக்க ஒரு குண்டூசி போதும். வெளியே வரும் சிம் கார்டை வேறொரு போனில் போட்டால், அடுத்த நிமிடமே உங்கள் எண் அவர் கையில். உங்களுக்கு வர வேண்டிய அழைப்பு, எஸ்.எம்.எஸ்., ஓ.டி.பி. எல்லாம் அங்கே போய் விழும். ஸ்கிரீன் லாக், கைரேகை, முகம் பார்த்துத் திறக்கும் வசதி எதுவும் இதைத் தடுக்காது. அவையெல்லாம் போனுக்குப் போட்ட பூட்டு. சிம்முக்குத் தனிப் பூட்டு இருக்கிறது. அது ஏற்கெனவே உங்கள் போனுக்குள்தான் இருக்கிறது, காசும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அதைத் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை.

ஒரு சிம்மை வைத்து என்னதான் செய்துவிட முடியும்?

"என் ஜி.பே பின் நம்பர் எனக்கு மட்டும்தானே தெரியும்?" என்று கேட்பவர்கள் அதிகம். கேள்வி நியாயமானது. யு.பி.ஐ. செயலி ஒன்றைப் புதிய போனில் தொடங்கும்போது, அந்தப் போனில் இருக்கும் சிம்மில் இருந்து ஒரு எஸ்.எம்.எஸ். தானாகப் போகும். இந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் இவர்தான் என்று வங்கி முடிவு செய்வது அதை வைத்துத்தான். சிம் திருடன் கையில் இருந்தால் இந்தப் படியை அவர் சுலபமாகத் தாண்டிவிடுவார். எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அதற்கு மேல் பணம் அனுப்ப யு.பி.ஐ. பின் வேண்டும். அங்கே அவர் நிற்க வேண்டியதுதான். ஆனால் பின் மறந்துவிட்டால் புதிதாகப் போட்டுக்கொள்ளும் வழி உண்டு. அதற்கு டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கமும் காலாவதி மாதமும் கேட்பார்கள், அல்லது ஆதார் வழியாகச் சரிபார்ப்பார்கள். இரண்டிலும் ஓ.டி.பி. வருவது அதே சிம்முக்கு. பல வங்கிகள் ஏ.டி.எம். பின்னையும் சேர்த்துக் கேட்கின்றன என்பது கொஞ்சம் ஆறுதல்.

இப்போது நம் ஊர்ப் பழக்கத்தை யோசித்துப் பாருங்கள். போனின் பின் கவருக்குள் ஏ.டி.எம். கார்டைச் செருகி வைப்பவர்கள் எத்தனை பேர்? ஃபிளிப் கவரில் ஆதார் ஜெராக்ஸை மடித்து வைப்பவர்கள்? பர்ஸும் போனும் ஒரே மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கும் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டுக்கும் போய் வருபவர்கள்? தைப்பூச நேரத்தில் திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்தில் தோள்பைக்குள் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடப்பவர்கள்? போனும் கார்டும் சேர்ந்தே தொலையும்போது, திருடனுக்கு ஒரு கதவுக்குத் தேவையான எல்லாமே ஒரே கட்டாகக் கிடைத்துவிடுகிறது.

யு.பி.ஐ.யில் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தமில்லை. புதிய போனில் பதிவு செய்தால் முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் அனுப்ப விடாது. ஆனால் கூலி வேலைக்கோ மில் வேலைக்கோ போகிறவருக்கு அந்த 5,000 ரூபாயே பெரிய தொகை. பணத்தைத் தவிர வாட்ஸ்அப்பும் இருக்கிறது. இரண்டடுக்குப் பாதுகாப்பு போடாத வாட்ஸ்அப் கணக்கை, எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் 6 இலக்க எண்ணை மட்டும் வைத்து இன்னொரு போனில் திறந்துவிடலாம். பிறகு உங்கள் பெயரில் உங்கள் மச்சானுக்கும் சித்திக்கும் "அவசரமா ஒரு ஐயாயிரம் போடுங்க, நாளைக்குத் தர்றேன்" என்று செய்தி போகும். எண் உங்களுடையது என்பதால் அவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள்.

சிம் லாக், போன் லாக், நெட்வொர்க் லாக்: எது எது?

மூன்றையும் குழப்பிக்கொள்வது சகஜம். போன் லாக் நமக்குத் தெரியும். நெட்வொர்க் லாக் என்பது ஒரு நிறுவனத்தின் சிம் மட்டுமே ஒரு போனில் வேலை செய்யும்படி வைப்பது. 2017-ல் 1,500 ரூபாய் டெபாசிட்டில் வந்த ஜியோபோன் அப்படித்தான், ஜியோ சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காது. அமெரிக்காவில் இருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து கொடுக்கும் போனில் இங்குள்ள சிம் எடுக்காமல் போவதற்கும் பல நேரம் இதுதான் காரணம். அந்த லாக் நிறுவனத்தின் வியாபாரத்தைக் காப்பாற்றுவதற்கு, உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதற்கு அல்ல.

நமக்கு வேண்டியது மூன்றாவது, சிம் லாக். சிம் பின் என்றும் சொல்வார்கள். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்லை. பழைய நோக்கியா போனை ஆன் செய்ததும் பின் நம்பர் கேட்ட காலம் சிலருக்கு நினைவிருக்கலாம். அதேதான் இது.

இதன் சிறப்பு என்னவென்றால், பின் நம்பரைச் சரிபார்ப்பது போன் அல்ல, சிம் கார்டே. அந்தச் சின்னச் சில்லுக்குள்ளேயே கணக்கு ஓடுகிறது. அதனால் சிம்மைக் கழற்றி எந்தப் போனில் போட்டாலும் அது பின் கேட்கும். மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு பி.யு.கே. எனப்படும் 8 இலக்க எண் இருந்தால்தான் திறக்கும். அதையும் 10 முறை தப்பாகப் போட்டால் அந்த சிம் நிரந்தரமாகச் செத்துவிடும், புதுசு வாங்க வேண்டியதுதான். 4 இலக்க எண்ணை மூன்றே வாய்ப்பில் ஊகிப்பது அவ்வளவு சுலபமில்லை, நீங்கள் பிறந்த வருடத்தையோ வண்டி நம்பரையோ வைக்காமல் இருந்தால்.

எப்படிப் போடுவது?

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் மொபைல் சர்வீஸ் அல்லது செல்லுலார் பகுதியில் சிம் பின் என்று இருக்கும். ஆண்ட்ராய்டு போன்களில் கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறும். தேடி அலைய வேண்டாம். செட்டிங்ஸைத் திறந்து மேலே உள்ள தேடும் பெட்டியில் சிம் லாக் என்று ஆங்கிலத்தில் தட்டினால் நேராகக் கொண்டுபோய் விடும். இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். லாக்கை ஆன் செய்ததும், சிம்மில் ஏற்கெனவே இருக்கும் பின் நம்பரைக் கேட்கும். நீங்கள் புதிதாக வைக்க நினைக்கும் எண் அல்ல, கம்பெனி போட்டு அனுப்பிய எண். பெரும்பாலும் 0000 அல்லது 1234 என்று இருக்கும். ஆனால் "போட்டுத்தான் பார்ப்போமே" என்று அடித்துப் பார்க்கக் கூடாது, இருப்பதே மூன்று வாய்ப்பு. சிம் வந்த அட்டையை வைத்திருந்தால் அதில் அச்சடித்திருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொண்டு போடுவதே நல்லது. பி.யு.கே. எண்ணையும் அதே அழைப்பில் கேட்டு, வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனிலேயே சேமித்து வைத்தால் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான்.

பழைய பின்னைப் போட்டு லாக்கை ஆன் செய்த பிறகு, பின்னை மாற்றும் வசதிக்குப் போய் உங்கள் சொந்த எண்ணை வையுங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டால், திருடன் 0000 போட்டுப் பார்த்தால் திறந்துவிடும்.

இதில் தொந்தரவே இல்லையா?

இருக்கிறது. போன் ஒவ்வொரு முறை ஆஃப் ஆகி ஆன் ஆகும்போதும் சிம் பின் போட்டால்தான் நெட்வொர்க் வரும். சில போன்கள் ராத்திரியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி வைக்கப்பட்டிருக்கும். அப்படியானால் காலையில் நீங்கள் எழுந்து பின் போடும் வரை ஒரு அழைப்பும் வராது. வீட்டில் வயதான அப்பா, அம்மா இருந்தால், அவசரத்துக்கு அவர்களைக் கூப்பிடும்போது "தொடர்பு எல்லைக்கு அப்பால்" என்று கேட்கும் நிலை வரலாம். மறதி உள்ளவர்களுக்கு இதைப் போட்டுக் கொடுப்பதைவிட, அவர்கள் வங்கிக் கணக்கில் ஒரு நாளில் எடுக்கக்கூடிய தொகையைக் குறைத்து வைப்பது சரியான வழி. 112 என்ற அவசர எண்ணுக்கு மட்டும் பின் போடாமலேயே பேச முடியும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திருடன் போனை ஆஃப் செய்து ஆன் செய்தால் சிம் பூட்டிக்கொள்ளும். நல்லதுதான். ஆனால் அதே நேரம் மொபைல் டேட்டாவும் நின்றுவிடும். போன் எங்கே இருக்கிறது என்று கூகுள் அல்லது ஆப்பிள் மூலம் தேடும் வழி பெரும்பாலும் அடைபட்டுப் போகும். போனைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பா, கணக்கில் இருக்கும் பணமா என்று கேட்டால், பணத்தைக் காப்பதுதான் முதல் வேலை. போனைத் தேட வேறு வழி இருக்கிறது, அதைப் பிறகு பார்ப்போம்.

லாக் ஸ்கிரீனில் ஓ.டி.பி. தெரிகிறதா?

சிம்முக்குப் பூட்டு போட்டாயிற்று என்று நிம்மதியாக உட்கார முடியாது. சிம்மைக் கழற்றாமல், போனை ஆஃப் செய்யாமல் வைத்திருந்தால் சிம் பூட்டு வேலையே செய்யாது. அப்போது லாக் ஸ்கிரீனில் வந்து நிற்கும் எஸ்.எம்.எஸ்.ஸைப் படிக்க எந்தப் பூட்டையும் திறக்க வேண்டியதில்லை. ஓ.டி.பி. மேலேயே பளிச்சென்று தெரியும். பூட்டிய போனிலும் வரும் அழைப்பை எடுத்துப் பேசலாம் என்பதால், குரலில் சொல்லப்படும் ஓ.டி.பி.யும் கிடைத்துவிடும்.

அதனால் சிம் பின் போடும் கையோடு, செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய், லாக் ஸ்கிரீனில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றிவிடுங்கள். "மெசேஜ் வந்திருக்கு" என்று மட்டும் காட்டும், என்ன மெசேஜ் என்று காட்டாது. சிம் பின்னும் இதுவும் ஜோடி. ஒன்றை மட்டும் செய்தால் பாதி வேலைதான் நடக்கும்.

பூட்டு பத்திரம், ஆனா டூப்ளிகேட் சாவி யார் கையில?

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது திண்டுக்கல் பூட்டு. மாங்காய்ப் பூட்டில் தொடங்கி ஷட்டர் பூட்டு வரை கையால் செய்து பழகிய ஊர் இது. ஆனால் எவ்வளவு கெட்டியான பூட்டாக இருந்தாலும், செய்து கொடுத்த கடைக்காரரே முகம் தெரியாத ஒருவருக்கு இன்னொரு சாவியைக் கொடுத்துவிட்டால்?

சிம் ஸ்வாப் மோசடி என்பது அதுதான். உங்கள் போனும் சிம்மும் உங்கள் பையிலேயே இருக்கும். மோசடி செய்பவர் போலி ஆவணங்களோடு கடைக்குப் போய், "என் சிம் தொலைஞ்சுபோச்சு" என்று சொல்லி உங்கள் எண்ணுக்குப் புது சிம் வாங்கிவிடுவார். அது ஆன் ஆனதும் உங்கள் சிம் செத்துவிடும். நீங்கள் போட்ட சிம் பின், செத்துப்போன அந்தக் கார்டில்தான் இருக்கிறது. புதுக் கார்டில் இல்லை. ஆகவே இந்த மோசடிக்கு எதிராக சிம் பின் எந்த உதவியும் செய்யாது. பல விளக்கக் கட்டுரைகளும் வீடியோக்களும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, "சிம் லாக் போட்டா சிம் ஸ்வாப் நடக்காது" என்று சொல்லிவிடுகின்றன. அது தவறு.

மும்பையில் 2018 டிசம்பர் இறுதியில் நடந்த ஒரு சம்பவம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. துணி வியாபாரி ஒருவரின் போனில் நள்ளிரவு நேரத்தில் 6 மிஸ்டு கால்கள். காலையில் பார்த்தால் போனில் நெட்வொர்க் இல்லை. அவருடைய எண்ணுக்கு வேறு சிம் வழங்கப்பட்டு, கணக்கில் இருந்து 1.86 கோடி ரூபாய் மாற்றப்பட்டிருந்தது. இதுபோன்ற மோசடிகளில் திரும்பத் திரும்ப மிஸ்டு கால் கொடுப்பது ஒரு உத்தி. எரிச்சலில் நீங்களே போனை ஆஃப் செய்துவிட்டால், சிம் செத்தது உங்களுக்குத் தெரியாமல் போகும்.

ராஜஸ்தானில் 2017-ல் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. ஒருவரின் எண்ணுக்கு, ஆவணங்களைச் சரியாகப் பார்க்காமல் வேறொருவருக்கு டூப்ளிகேட் சிம் கொடுக்கப்பட்டது. வங்கிக் கணக்கில் இருந்து 68.5 லட்சம் ரூபாய் போனது. ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது. மீதித் தொகையை வட்டியோடு சேர்த்து, ஏறத்தாழ 27.5 லட்சம் ரூபாயை சிம் கொடுத்த தொலைபேசி நிறுவனமே தர வேண்டும் என்று மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பச் சட்டத் தீர்ப்பு அதிகாரி உத்தரவிட்டார். அந்தச் செய்தி 2021-ல் வெளியானது. "கள்ளச்சாவி கொடுத்தவர் யாரோ அவரே பொறுப்பு" என்பதுதான் அந்த உத்தரவின் சாரம்.

இந்தத் தீர்ப்பு அதிகாரி என்ற ஏற்பாடு தமிழ்நாட்டிலும் உண்டு. தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே அந்தப் பொறுப்பில் இருப்பார். 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கையை அவரிடம் கொண்டுபோகலாம். 2010-ல் தூத்துக்குடியில் கணக்கு வைத்திருந்த ஒருவர், போலி மின்னஞ்சலால் பணத்தை இழந்து இங்கே முறையிட்டபோது, வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. காவல் நிலையமும் நுகர்வோர் நீதிமன்றமும் பலருக்குத் தெரியும். இப்படி ஒரு கதவு இருப்பது தெரிந்தவர்கள் குறைவு.

படித்தவர்கள், தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் மாட்ட மாட்டார்கள் என்றும் நினைக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அப்போதைய தலைவர் ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே அவருடைய எண்ணைக் கைப்பற்றி முடக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்தின் எக்ஸ் கணக்கில் பிட்காயின் பற்றிப் பொய்ச் செய்தி வெளியானதற்கும் சிம் ஸ்வாப்தான் காரணம் என்று அந்த ஆணையமே சொன்னது.

இதைத் தடுக்க அரசு என்ன செய்திருக்கிறது?

டூப்ளிகேட் சிம் வாங்கியதும் 24 மணி நேரத்துக்கு அதில் எஸ்.எம்.எஸ். போகவும் கூடாது, வரவும் கூடாது என்று 2022 நவம்பரில் மத்திய தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. நியாயமாகவே சிம் தொலைத்துவிட்டுப் புதுசு வாங்கியவர்கள் "ஏன் ஓ.டி.பி. வரமாட்டேங்குது?" என்று கடைக்காரரிடம் சண்டை போடுவது இதனால்தான். அந்த 24 மணி நேரம், உண்மையான சொந்தக்காரர் விழித்துக்கொள்வதற்குக் கொடுக்கப்படும் அவகாசம். 2024 ஜூலை 1 முதல் டிராய் இன்னொரு பூட்டையும் போட்டது. சிம் மாற்றிய 7 நாட்களுக்கு அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. மோசடி செய்து சிம் வாங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் சொல்கிறது.

கடையில் கேட்கும் ஆவணம் கடுமையாக ஆக ஆக, மோசடிக்காரர்கள் நம்மையே சாவி போட வைக்கிறார்கள். "உங்க சிம்மை 5ஜி ஆக்கித் தர்றோம்", "இ-சிம்முக்கு மாத்தித் தர்றோம்" என்று கஸ்டமர் கேர் போலப் பேசி, ஒரு லிங்க்கைத் தட்டவோ, ஒரு நீளமான எண்ணை எஸ்.எம்.எஸ். அனுப்பவோ சொல்வார்கள். அது அவர்கள் கையில் இருக்கும் இ-சிம்முக்கு உங்கள் எண்ணை மாற்ற நீங்களே கொடுக்கும் சம்மதம். 5ஜி-க்காக சிம்மை மாற்ற வேண்டியிருந்தாலும், நாமாகக் கடைக்குப் போய் மாற்றுவதுதான் வழி. யாரும் கூப்பிட்டு மாற்றித் தரப்போவதில்லை.

மற்றபடி இ-சிம் நல்ல வசதிதான். கழற்றி எடுக்கக் கார்டே இல்லை என்பதால் பஸ் ஸ்டாண்ட் திருட்டுக்கு எதிராக அதைவிடப் பலமான பூட்டு இல்லை. உங்கள் போனில் அந்த வசதி இருந்தால், நீங்களே நிறுவனத்தின் செயலி மூலமோ கடைக்குப் போயோ மாறிக்கொள்ளலாம்.

எல்லா முட்டையும் ஒரே கூடையிலா?

இங்கே ஒரு முரண்பாடு இருக்கிறது. எஸ்.எம்.எஸ். ஓ.டி.பி.யை மட்டும் நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், வேறு வழிகளையும் கொண்டுவாருங்கள் என்ற திசையில் ரிசர்வ் வங்கி போகிறது. 2025 செப்டம்பரில் வெளியிட்ட புதிய விதிகளை நடைமுறைப்படுத்த 2026 ஏப்ரல் 1-ஐ அது நாள் குறித்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில், 2025 நவம்பர் 28 அன்று, மத்திய தொலைத்தொடர்புத் துறை எதிர்த் திசையில் ஒரு உத்தரவு போட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் அதே போனில் இருந்தால் மட்டுமே இயங்க வேண்டும் என்பது அந்த உத்தரவு. வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்திய எண்ணில் வாட்ஸ்அப் நடத்தும் மோசடிக் கும்பல்களைத் தடுப்பதுதான் நோக்கம். துபாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துக்கொண்டு, ஊர் சிம்மை டிராயரில் போட்டுவிட்டு அதே எண்ணில் வாட்ஸ்அப் பேசும் நம்மூர்ப் பிள்ளைகளும் அந்த வலைக்குள் வருவார்கள் என்பது வேறு கதை.

வங்கிப் பக்கம் சிம்மின் சுமையைக் குறைக்கப் பார்க்கிறது. தொலைத்தொடர்புப் பக்கம் அடையாளம் மொத்தத்தையும் சிம்மின் தலையில் ஏற்றப் பார்க்கிறது. எது சரி என்பது வாதத்துக்குரியது. ஆனால் இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் ஒரு சில்லு, வாங்கும்போது பூட்டு திறந்தபடியே நம் கைக்கு வருகிறது. சிம் விற்கும்போது கைரேகை எடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், ஆதார் கேட்கிறார்கள். "இதுக்கு ஒரு பின் நம்பர் வச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்வதில்லை. விற்பனையாளர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு கட்டாயம் என்று 2023-ல் விதி கொண்டுவந்த அரசு, சிம்மைக் கொடுக்கும்போதே பின் வைத்துக் கொடுக்கச் சொல்வது ஒன்றும் முடியாத காரியம் இல்லை. ஒரு நிமிட வேலை அது.

போன் தொலைந்தால் முதல்ல எங்க போகணும்?

பெரும்பாலோர் முதலில் ஓடுவது காவல் நிலையத்துக்கு. வரிசை மாற வேண்டும். முதலில் சிம்மை நிறுத்துங்கள். உங்களுடைய அதே நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் பக்கத்து ஆளிடம் போனை வாங்கி 198-ஐ அழைத்தால், புகார் மையம் கிடைக்கும். எண்ணை உடனே முடக்கச் சொல்லுங்கள். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை இது.

அடுத்தது வங்கி. கணக்கில் யு.பி.ஐ.யையும் டெபிட் கார்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள மறக்காதீர்கள், இதற்குக் காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தாலும்கூட, அவர் வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தவறு உங்கள் மேலும் இல்லை, வங்கி மேலும் இல்லை, மூன்றாவது ஆளால் நடந்தது என்றால், வங்கியிடம் இருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பே கிடையாது. அதனால் "எத்தனை மணிக்குச் சொன்னேன்" என்பதுதான் பிறகு உங்கள் சாட்சி.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930. சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் இது. பணம் ஒரு கணக்கில் இருந்து இன்னொன்றுக்குத் தாவுவதற்குள் சொன்னால் வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு. காலையில் போனது ராத்திரிக்குள் நாலு கணக்கு தாண்டிவிடும். திண்டுக்கல் மாவட்டத்துக்கும் தனி சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது, நேரிலும் புகார் கொடுக்கலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகு உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். போன் பெட்டியில் அல்லது பில்லில் இருக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போட்டவர்கள் இப்போதே *#06# என்று டயல் செய்தால் எண் திரையில் வரும், எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணையும் புகார் நகலையும் வைத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்கலாம். பிறகு அந்தப் போன் இந்தியாவில் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. யாராவது சிம் போட்டுப் பார்த்தால் தகவல் பதிவாகும். திண்டுக்கல் எஸ்.பி. அலுவலகத்தில் மீட்கப்பட்ட செல்போன்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும் படங்கள் அவ்வப்போது வருகின்றனவே, அந்த மீட்புக்குக் கைகொடுப்பது இந்தப் பதிவுதான்.

இந்தத் தளத்தில் பதிவு செய்ய ஓ.டி.பி. வேண்டும் என்பதால், முதலில் டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுங்கள். 24 மணி நேர எஸ்.எம்.எஸ். தடை உங்களுக்கும் பொருந்தும் என்பதால் ஒரு நாள் பொறுக்க வேண்டியிருக்கும். புது சிம் கையில் வந்ததும் அதற்கு மறக்காமல் பின் வையுங்கள், பழைய பின் அதில் இருக்காது. அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் பார்க்கலாம். ஒருவருக்கு 9 வரைதான் அனுமதி. நீங்கள் வாங்காத எண் அந்தப் பட்டியலில் இருந்தால், அங்கேயே புகார் சொல்லி நிறுத்தலாம்.

போன் திரும்பக் கிடைத்துவிட்டால், பதிவு செய்தபோது கொடுத்த கோரிக்கை எண்ணை அதே தளத்தில் போட்டுத் தடையை நீக்க வேண்டும். அதுவரை மீட்ட போனிலும் சிம் எடுக்காது.